கொள்ளு வேகாத மூன்று வாரம்

போன சனிக்கிழமை எங்கள் கடலைக்காட்டில் இரண்டாம் களை எடுத்தோம். களைக்கு வந்தவர்கள் 14 பேர், வீட்டில் நாங்கள் 3 பேர். மொத்தம் 17 பேருக்குப் பண்ணைக்கீரை போட்டுக் கொள்ளுக் கடைசல் செய்து, ராகிக் களியோடு மதியம் ஒன்றேகால் மணிக்குப் பரிமாறினேன். இரண்டரை மணிக்குச் சட்டியைக் கழுவப் போட்டபோது அடியில் வழிக்க எதுவும் மிச்சமில்லை. இதே காட்டில் முதல் களை அன்று நான் வைத்த கொள்ளு வேகவே இல்லை. அந்த நாளுக்கும் இந்த நாளுக்கும் நடுவில் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் எதை மாற்றினேன், எது உதவியது, எது கெடுத்தது என்பதையெல்லாம் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் திருப்பூர் மாவட்டத்தில், வெள்ளக்கோவிலுக்கும் மூலனூருக்கும் இடையில் இருக்கிறது. மழை குறைந்த மேட்டுக்காடு. ஆடியில் கடலை, புரட்டாசி ஐப்பசியில் கொள்ளு, வேலியோரம் முருங்கை. மழை பெய்து இருபது நாளில் கடலைச் செடிகளுக்கு நடுவே பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கிளம்பிவிடும். களை எடுப்பவர்கள் கையோடு கொழுந்தைக் கிள்ளி மடியில் போட்டுக்கொள்வார்கள். பயிருக்குக் களை, சட்டிக்குக் கீரை. களை எடுக்கும் நாளில் எங்கள் வீட்டில் கொள்ளுக் கடைசலும் களியும்தான் சாப்பாடு என்பது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கும் வழக்கம். நாற்பது ஆண்டுகளாக அதை அம்மாதான் செய்தார். சென்ற ஆண்டு அவருக்கு வலது தோள்பட்டை இறுகிப்போனது. கையை மார்புக்கு மேல் தூக்க முடிவதில்லை. மத்துப் பிடிக்கவே முடியாது. வழக்கம் நின்றுபோகக்கூடாது என்று நான் அடுப்படிக்குள் போனேன். என் மனைவி களி கிண்டுவதில் கெட்டிக்காரர், ஆனால் அவர் பிறந்த பவானிப் பக்கத்தில் இந்தக் கடைசல் இந்த விதமாகச் செய்வதில்லை. எனவே இது என் பொறுப்பு ஆனது.

முதல் களை அன்று நடந்ததைச் சொல்கிறேன். முந்தின இரவு 800 கிராம் கொள்ளை ஊறவைத்தேன். எங்கள் காட்டிலேயே விளைந்து தை மாதம் அடித்த கொள்ளு, வேப்பிலை போட்டு டிரம்மில் மூடிவைத்தது. காலை எட்டு மணிக்கு அண்டாவில் போட்டு விறகடுப்பில் ஏற்றினேன். பதினொரு மணிக்குத் தோல் வெடித்திருந்தது, உள்ளே பருப்பு கல் மாதிரி இருந்தது. பன்னிரண்டு மணிக்கும் அப்படியே. ஒரு பகுதியைக் குக்கருக்கு மாற்றி எட்டு விசில் விட்டேன். விரலால் நசுக்கினால் மாவாகாமல் குருணை குருணையாக உடைந்தது. மத்துப் போட்டால் மத்தின் பல்லுக்கடியில் நழுவி ஓடியது. அன்று எல்லோரும் களிக்கு மோரும் சின்ன வெங்காயமும் தொட்டுக்கொண்டார்கள். களைக்கு வந்தவர்களில் மூத்த அக்கா ஒருவர், "பரவாயில்லை தம்பி, அடுத்த களைக்குச் செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெயிலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தவர்களுக்குச் சொன்ன சாப்பாட்டைப் போட முடியவில்லையே என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் கொள்ளைத்தான் சந்தேகப்பட்டேன். அடித்து ஏழு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோடை வெப்பத்தில் இருந்திருக்கிறது. பழைய பயறு வேகத் தாமதமாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறுநாளே வெள்ளக்கோவில் போய்க் கடையில் ஒரு கிலோ கொள்ளு வாங்கி வந்தேன், 95 ரூபாய். அதிலும் நம் வீட்டுக் கொள்ளிலும் நூறு நூறு கிராம் எடுத்து, தனித்தனிக் கிண்ணத்தில் குக்கருக்குள் வைத்து வேகவிட்டேன். இரண்டும் ஒன்றுபோலவே விறைத்துக்கொண்டு நின்றன. கொள்ளின் மேல் தவறில்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்தபடியாகக் குக்கரின் வளையத்தை மாற்றினேன், 140 ரூபாய். அதுவும் வீண்.

திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா மூன்றாம் நாள்தான் கேட்டார். "எந்தத் தண்ணீரில் வைத்தாய் சாமி?"

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் என்றேன்.

"அது துணி துவைக்கவே ஆகாது. அதில் எப்படிப் பருப்பு வேகும்? நான் என்றைக்கு அந்தத் தண்ணீரில் உலை வைத்தேன்?"

எனக்கு அது தெரியவே தெரியாது. அடுப்படியில் இரண்டு குடம் தனியாக இருக்கும் என்பது தெரியும், குடிக்க வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் மருமகளாக வந்த காலத்தில் ஊருக்குள் ஐந்தாறு கிணறு இருந்ததாம். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் பருப்பு வேகும் கிணறு என்று பெயர். குளிக்க, மாட்டுக்குக் காட்ட எந்தக் கிணறு என்றாலும் சரி, உலைக்கு மட்டும் அந்தக் கிணற்றுக்கு நடந்து போவார்களாம். இப்போது அந்தக் கிணறு தூர்ந்து கிடக்கிறது. காவிரிக் கூட்டுக்குடிநீர் வரும் நாளில் இரண்டு குடம் பிடித்து வைத்து, அதில்தான் பருப்பும் கொள்ளும் வேகவைத்திருக்கிறார். நான் அண்டா பெரியது, தண்ணீர் நிறைய வேண்டும் என்று குழாயைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

குடிநீர் சுத்திகரிப்புக் கருவி பழுதுபார்க்கும் நண்பரிடம் டி.டி.எஸ். மீட்டர் இரவல் வாங்கிப் பார்த்தேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 1,860. கூட்டுக்குடிநீர் 230. இந்த எண் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைத்தான் காட்டும், சுண்ணச்சத்து எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. ஆனால் எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் மாதம் ஒரு முறை வெள்ளையாகப் பொருக்கு உரிக்கிறோம். அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. அந்தச் சுண்ணச்சத்து பயறின் தோலிலும் பருப்பிலும் பிடித்துக்கொண்டு அதை இளகவிடாமல் செய்கிறது. எவ்வளவு நேரம் எரித்தாலும் விறகுக்குத்தான் செலவு.

இருந்தாலும் 17 பேருக்கு வேண்டிய நல்ல தண்ணீரைச் சேர்ப்பது சிரமமாயிற்றே என்று ஒரு குறுக்குவழி பார்த்தேன். அதே உப்புத் தண்ணீரில் 250 கிராம் கொள்ளுக்கு அரை தேக்கரண்டி சமையல் சோடா போட்டேன். ஆறு விசிலில் வெந்துவிட்டது, அதை மறுக்க முடியாது. ஆனால் கடைந்தால் வழவழவென்று நூலாக இழுத்தது. வாயில் வைத்தால் சோப்பு நுரையின் ருசி. கொள்ளு வெந்த வாசம் என்று ஒன்று உண்டே, மண்ணில் முதல் மழை விழுந்தால் வருவதுபோல, அது துளியும் இல்லை. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். மாட்டுக்கு வைத்தேன். சமையல் சோடாவை இந்தப் பண்டத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது என்பது என் முடிவு.

அடுத்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிவை மட்டும் இறுத்தும் பார்த்தேன். அடியில் வெள்ளையாகப் படிந்தது உண்மைதான். கொள்ளும் முன்னைவிடக் கொஞ்சம் இளகியது. ஆனால் கடைகிற பதம் வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குடிநீர்க் குழாய்க்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

நல்ல தண்ணீர் கிடைத்தும் ஒரு சட்டி கெட்டது. அது முழுக்க என் அவசரம். 250 கிராம் கொள்ளை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அரை வேக்காட்டில் இருக்கும்போதே கீரை, தக்காளி, புளிக்கரைசல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டேன். ஒரே கொதியில் முடித்துவிடலாம் என்ற எண்ணம். புளி விழுந்ததும் கொள்ளு எந்தப் பதத்தில் இருந்ததோ அந்தப் பதத்திலேயே நின்றுவிட்டது. கீரையோ மூடிக்குள் புளியோடு கிடந்து கறுத்துப்போனது. அந்தக் கடுப்பில் எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு ஓட்டினேன். போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி ஆகிவிட்டது. கொள்ளை மிக்சியில் வழவழவென்று அரைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அம்மா சொன்னார். கடைசல் என்றால் நாக்கில் கொள்ளின் திப்பி தட்டுப்பட வேண்டும், பாதி மசிந்தும் பாதி மசியாமலும்.

இந்த இடத்தில் உப்பைப் பற்றி ஒரு சின்னச் சோதனை செய்தேன். உப்பை முதலில் போட்டால் பருப்பு வேகாது என்பது எங்கள் வீட்டு விதி. ஆனால் ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போட்டால் பயறு சீக்கிரம் இளகும் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டேன். இரண்டிலும் 50 கிராம் கொள்ளு, 200 மில்லி கூட்டுக்குடிநீர். ஒன்றில் மட்டும் கால் தேக்கரண்டிக்கு மேல் கல்லுப்பு. பன்னிரண்டு மணி நேரம் ஊறிய பிறகு தண்ணீரைக் கொட்டிக் கழுவி, தனித்தனிக் கிண்ணத்தில் ஒரே குக்கரில் வைத்தேன். நான்கு விசிலில் இறக்கி ஒவ்வொன்றிலிருந்தும் பத்துப் பத்து மணியாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தேன். உப்பில்லாத கிண்ணத்தில் ஏழு மணி நசுங்கியது, மூன்று மணி நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு விட்டுப் பிளந்தது. உப்பில் ஊறியதில் பத்தும் வெண்ணெய்போல் படிந்தது, தோலும் பருப்போடு சேர்ந்து மசிந்தது. அம்மாவைக் கூப்பிட்டு அவர் விரலாலும் அழுத்தச் சொன்னேன். இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார். "சரி, ஊறும்போது போட்டுக்கொள். வேகும்போது போடாதே" என்று பாதி வழிவிட்டார். அப்படியே செய்கிறேன்.

ஊறலின் எடையையும் குறித்துவைத்தேன். 250 கிராம் கொள்ளு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பன்னிரண்டு மணி நேரத்தில் 455 கிராம் ஆனது. நல்ல தண்ணீரில் 520. இரண்டு மடங்குக்கு மேல் ஊதினால்தான் கடைகிற பதத்துக்கு வரும் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

சட்டி ஒன்றும் உடைந்தது. அம்மாவின் பழைய கடைசல் சட்டி சிறியது, ஐந்து பேருக்குத்தான் காணும். வாரச்சந்தையில் 150 ரூபாய்க்குப் பெரிய மண்சட்டி வாங்கி, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்ததோடு நேராகக் கேஸ் அடுப்பில் பெருந்தீயில் வைத்தேன். கால் மணி நேரத்தில் "டிக்" என்று ஒரு சத்தம், அடியிலிருந்து விளிம்பு வரை மயிரிழை விரிசல். அடுத்த சட்டியை 180 ரூபாய்க்கு வாங்கினேன். அதை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மூன்று நாள் தொடர்ந்து வடிகஞ்சி ஊற்றிச் சின்னத் தீயில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். பிறகு உள்ளே எண்ணெய் தடவி ஒரு நாள் வைத்தேன். இந்தச் சட்டி இப்போது விறகடுப்பைத் தாங்குகிறது. வாங்கும்போது உள்பக்கம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மினுமினுவென்று வழுக்கும் சட்டியில் கீரை மசியாது, கொஞ்சம் சொரசொரப்பு இருக்க வேண்டும்.

சரியாக வந்த முதல் சட்டி இரண்டாம் களைக்கு ஆறு நாள் முன்பு, ஐந்து பேர் அளவில். அன்று செய்த வரிசை இது.

250 கிராம் கொள்ளை வெறும் சட்டியில் சின்னத் தீயில் ஆறு நிமிடம் வறுத்தேன். சிவக்கக் கூடாது, வாசம் எழும்பினால் போதும். பிறகு கல் பொறுக்கினேன். கொள்ளில் கல் இருப்பது தெரியாது, இரண்டும் ஒரே நிறம். முறத்தில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்தால் கல் மின்னும். கழுவி, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி கல்லுப்புப் போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஊறல். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒன்றேகால் லிட்டர் புதுத் தண்ணீர், ஒரு துண்டு மஞ்சள், ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய். குக்கரில் ஐந்து விசில், பிறகு தீயைக் குறைத்துப் பத்து நிமிடம்.

கீரை ஆய்ந்த பிறகு 600 கிராம். பாதி பண்ணைக்கீரை, கால் பங்கு தொய்யக்கீரை, மிச்சம் முருங்கைக்கீரை. பண்ணைக்கீரையில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூங்கதிர் வந்த செடியை விட்டுவிட வேண்டும், தண்டில் நார் ஏறியிருக்கும். மழைக்குப் பின் பறித்த கீரை என்பதால் மண் நிறைய. அகலமான தேக்சாவில் தண்ணீர் நிரப்பிக் கீரையைப் போட்டு அலசி, கீரையை மேலே அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீரோடு சாய்த்தால் அடியில் படிந்த மண் மறுபடி கீரையின் மேலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றினேன். மூன்றாவது தண்ணீரின் அடியில் விரலால் தடவிப் பார்த்தேன், நறநறப்பு இல்லை.

கீரையைத் தனியாக, மூடாமல் வேகவைத்தேன். அரை டம்ளர் தண்ணீர், 15 சின்ன வெங்காயம், 10 பல் பூண்டு, ஆறு வரமிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு தேக்கரண்டி கொத்தமல்லி விதை. முதலில் வெங்காயம் வகையறா நான்கு நிமிடம், பிறகு கீரை ஏழு நிமிடம். கொள்ளை வடித்து அந்தத் தண்ணீரைத் தனியே எடுத்து வைத்தேன், அது ரசத்துக்கு. சூடு இருக்கும்போதே கொள்ளை மண்சட்டியில் போட்டு மத்தால் மசித்து, பாதி மசிந்ததும் கீரையைக் கொட்டிக் கடைந்தேன். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்துக் கடைசியாக ஊற்றி, உப்புப் போட்டு மூன்று நிமிடம் கொதி. கடலெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, கிள்ளிய சின்ன வெங்காயம் தாளிப்பு.

நிறம் கரும்பச்சையும் பழுப்புமாக இருந்தது, அதுதான் இதன் நிறம். அம்மா களியை நடுவில் குழி செய்து, கடைசலை ஊற்றி, மேலே நல்லெண்ணெய் விட்டுக்கொண்டார். ஒரு வாய் விழுங்கிவிட்டு, "பூண்டு கொஞ்சம் அதிகம்" என்று மட்டும் சொன்னார். பிறகு இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார். பூண்டை எட்டுப் பல்லாகக் குறைத்து நோட்டில் எழுதினேன்.

இனிப் பெரிய சட்டி. இரண்டாம் களைக்கு முந்தின நாள் சாயங்காலம் 800 கிராம் கொள்ளை வறுத்து ஏழு மணிக்கு ஊறப் போட்டேன். நல்ல தண்ணீர் மொத்தம் இரண்டு குடம் பிடித்து வைத்திருந்தேன். காலை ஏழரைக்கு விறகடுப்பு. நான்கு லிட்டர் தண்ணீரில் கொள்ளு, பக்கத்து அடுப்பில் ஒன்றரை லிட்டர் வெந்நீர். இடையில் தண்ணீர் வற்றும்போது வெந்நீர்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் விழுந்தால் கொதி அடங்கிக் கொள்ளு மறுபடி விறைத்துக்கொள்ளும் என்பது அம்மாவின் கண்டிப்பான சொல். எட்டேகாலுக்குத் தோல் விரிந்தது. ஒன்பதேகாலுக்கு விரலில் நசுங்கியது, ஒன்பதரைக்கு இறக்கினேன். மொத்தம் இரண்டு மணி நேரம். முதல் களை அன்று நான்கு மணி நேரம் எரித்தும் நடக்காதது.

கீரை இரண்டு கிலோ. காலை ஆறரைக்கே இரண்டு அக்காக்கள் காட்டில் இறங்கிக் கிள்ளிக் கொடுத்தார்கள். நாங்கள் இந்த ஆண்டு களைக்கொல்லி அடிக்கவில்லை, அதனால்தான் தைரியமாகப் பறித்தோம். மருந்து அடித்த காட்டில் முளைத்திருக்கும் கீரையை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் தொடக் கூடாது. பக்கத்துக் காட்டில் அடித்திருக்கிறார்கள் என்பதால் அந்த வரப்பை ஒட்டி இருபது அடிக்கு எதையும் கிள்ள வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆய்வதற்குத்தான் நான் நினைத்ததைவிட அதிக நேரம் ஆனது, மூன்று பேர் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம்.

கடைவதில் ஒரு சிக்கலை எதிர்பார்க்கவில்லை. 800 கிராம் கொள்ளு ஊறி வெந்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ. பெரிய சட்டியில் மொத்தமாகப் போட்டு மத்தை விட்டால் சட்டி ஆடுகிறது, மத்து அடியில் போய் நிற்கிறது, மேலே இருப்பது சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அம்மா திண்ணையிலிருந்து இறங்கி வந்து, சட்டி ஆடாமல் இருக்க அடியில் வைக்கும் பிரிமனையைக் கொண்டுவரச் சொன்னார். வைக்கோல் பிரிமனையைத் தரையில் போட்டு, அதன் மேல் பழைய சின்னச் சட்டியை வைத்து, இரண்டு பாதங்களாலும் சட்டியின் இடுப்பை அணைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். மூன்றில் ஒரு பங்கை மட்டும் அதில் போட்டேன். மத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டும்போது அழுத்தம் கீழே போகக் கூடாது, சுவர்ப் பக்கமாகச் சாய்த்துத் தேய்க்க வேண்டும் என்றார். என் கை வேகமாகச் சுற்றியது. அவர் தன் இடது கையை என் மணிக்கட்டின் மேல் வைத்து நிதானப்படுத்தினார். பத்துச் சுற்றுக்குப் பிறகு சத்தம் மாறியது. முதலில் சளக் சளக் என்று நீர்ச்சத்தம், பிறகு தொப் தொப் என்று கனத்த சத்தம். "இப்போது நிறுத்து. கீரையைப் போடு" என்றார். பதத்தைக் காதால் கேட்கிறார் என்பதை அப்போதுதான் கண்டேன். அடுத்த இரண்டு பங்குக்கும் நானே அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மூன்று பங்கும் முடிய ஐம்பது நிமிடம். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

பிறகு எல்லாவற்றையும் பெரிய சட்டியில் சேர்த்து, 80 கிராம் புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டேன். இங்கே ஒரு தவறு. ஐந்து பேர் அளவை மூன்றேகால் மடங்காக்கி வரமிளகாயை 20 என்று போட்டிருந்தேன். பெரிய அளவில் காரம் அப்படியே பெருக்கினால் தூக்கலாகிவிடுகிறது. 15 போதும். அரை மூடித் தேங்காயை அரைத்து ஊற்றிச் சமாளித்தேன். அது நன்றாகத்தான் இருந்தது என்றாலும் எங்கள் வீட்டுக் கடைசலில் தேங்காய் கிடையாது.

செலவையும் எழுதிவிடுகிறேன். அன்றைய கடைசலுக்கு மட்டும்: கொள்ளு வீட்டுடையது, கடை விலையில் போட்டால் 76 ரூபாய். சின்ன வெங்காயம் முக்கால் கிலோ 45, பூண்டு 100 கிராம் 30, மிளகாய், மல்லி, சீரகம், கடுகு வகை 35, புளி 15, கடலெண்ணெய் 200 மில்லி 50, தேங்காய் பாதி 15. மொத்தம் 266 ரூபாய், 17 பேருக்கு. கீரைக்குச் செலவு இல்லை. விறகு முருங்கைக் கிளையும் தென்னை மட்டையும். இதற்குள் சட்டி இரண்டு 330, புது மத்து 120, குக்கர் வளையம் 140 என்று 590 ரூபாய் போனது தனி. அதில் உடைந்த சட்டியின் 150-ம் வளையத்தின் 140-ம் அம்மாவிடம் முதல் நாளே கேட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும்.

முதல் களை அன்று ஆறுதல் சொன்ன மூத்த அக்கா இந்த முறையும் வந்திருந்தார். இரண்டாம் உருண்டைக் களி வாங்கிக்கொண்டு, கடைசலை விரலால் தொட்டு அழுத்திப் பார்த்தார். "அம்மா செய்தாரா?" என்று கேட்டார். நான் கடைந்தேன், அம்மா பக்கத்தில் இருந்தார் என்றேன். வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு தூக்குப்போசியில் ஊற்றித் தரச் சொன்னார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில. முதலாவது, மழைத் தண்ணீர். ஓட்டுக்கூரையிலிருந்து முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையை 200 லிட்டர் டிரம்மில் பிடித்து மூடிவைத்தால் கூட்டுக்குடிநீர் வராத நாளிலும் உலை வைக்கலாம். டிரம் பார்த்துவைத்திருக்கிறேன். இரண்டாவது, கீரையை முந்தின நாள் சாயங்காலமே ஆய்ந்து, கழுவாமல் ஈரத்துணியில் சுற்றி வைப்பது. காலையில் ஒரு மணி நேரம் மிச்சம். மூன்றாவது, 20 பேருக்கு மேல் என்றால் மத்தை விட்டுவிட்டு ஆட்டுக்கல்லில் ஒன்றிரண்டாக ஆட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்டுக்கல் தொழுவத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. குழவி நன்றாக இருக்கிறது, கல்லைக் கொத்த ஆள் பார்க்க வேண்டும். கொள்ளைத் திருகையில் உடைத்துத் தோல் புடைத்துவிட்டுச் செய்வதையும் அம்மா சொன்னார். ஒரு கிலோ உடைத்தேன், கால்வாசி மாவாகப் போய்விட்டது. திருகையின் இடைவெளி சரியில்லை என்று நினைக்கிறேன், அதைத் தனியாகச் செய்து பார்த்து எழுதுகிறேன்.

எடுத்து வைத்த கொள்ளுத் தண்ணீர் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. மறுநாள் ஞாயிறு காலை அதில் மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். சனிக்கிழமை வெயிலில் அலைந்ததில் எனக்கு மூக்கடைத்திருந்தது. இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, கழுவிய சட்டியைத் திண்ணையில் வெயில் படும்படி கவிழ்த்து வைத்தேன். கொள்ளு விதைக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, டிரம்மில் மிச்சமிருக்கும் கொள்ளில் விதைக்கு ஐந்து கிலோவைப் பொறுக்கித் தனியே கட்டச் சொல்லியிருக்கிறார் அம்மா.